பத்து டு அஞ்சு அப்பா

மந்தைவெளியில் ஃப்ளாட் வாங்கினால், பத்திரத்தில் எழுதாமலேயே இரண்டு அயிட்டம் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று கொசு. இன்னொன்று புறா.

செயின்ட் மேரீஸ் சாலைப் பக்கமோ, ஆர்.கே. மடம் சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்துகளிலோ, பறக்கும் ரயில் ஸ்டேஷனை ஒட்டியோ, ஏதாவது ஒரு அபார்ட்மென்ட்டின் பின்பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். ஏ.சி. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு குச்சி, ரெண்டு துடைப்ப ஈர்க்கு, அரை அடி ஒயர். இதற்குப் பெயர் கூடு. கார்ப்பரேஷன் அப்ரூவல் கிடையாது. அதன் மேல் ஒரு புறா, தியானத்தில் இருக்கிற மாதிரி கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

காலை பதினோரு மணிக்குத் துணி உலர்த்த வருகிற பாட்டி அதைப் பார்த்து, "பாவம், பெத்தவ! வயத்தைக் கட்டிண்டு எப்படி உக்காந்திண்டிருக்கா பாரு" என்று உச்சுக் கொட்டுவார்.

உச்சுக் கொட்டினது சரி. ஆள்தான் தப்பு. பதினோரு மணிக்கு அங்கே உட்கார்ந்திருப்பது அப்பா!

மாடப்புறாக் குடும்பத்தில் அடைகாப்பது ரெண்டு ஷிப்ட். சாயங்காலத்திலிருந்து மறுநாள் முற்பகல் வரை அம்மா. முற்பகலிலிருந்து பிற்பகல் கடைசி வரை அப்பா. நம் பாஷையில் சொன்னால், ஏறக்குறைய பத்து டு அஞ்சு. ரெண்டு பேருக்கும் ஒரே சாம்பல் யூனிஃபார்ம் என்பதால் ஆள் மாறுவது நமக்குத் தெரிவதில்லை. பதினேழு, பதினெட்டு நாள் இப்படி மாற்றி மாற்றி உட்கார்ந்து ரெண்டு முட்டையைப் பொரிக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பத்து டு அஞ்சில் நீங்கள் ஆபீஸில் இருக்கிறீர்கள். ஏழு மணிக்கு வீடு திரும்பி, பால்கனியில் காபியோடு நிற்கும்போது அம்மாப் புறா டூட்டிக்கு வந்திருக்கும். அதனால் மந்தைவெளி அப்பாக்கள் புறா அப்பாவைப் பார்த்ததே இல்லை. 'குழந்தை வளர்ப்பது அம்மா டிபார்ட்மென்ட்' என்று நாம் முடிவு கட்டியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்!

★ ★ ★

முட்டைமேல் உட்காருவது பெரிய விஷயமா, யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்கிறீர்களா? சரி, பால்?

புறாக் குஞ்சுக்கு முதல் சில நாள் தானியம் ஆகாது. பால்தான். கழுத்துக்குக் கீழே தானியம் சேமித்து வைக்கிற தொண்டைப் பை ஒன்று புறாவுக்கு உண்டு. குஞ்சு பொரிவதற்கு ஓரிரு நாள் முன்னால் அந்தப் பையின் உட்சுவர் தடித்து, கொழுப்பும் புரதமும் நிறைந்து, பாலாடைக்கட்டி மாதிரி உதிர ஆரம்பிக்கும். குஞ்சு தன் அலகை அப்பா அலகுக்குள் விட்டு அதை எடுத்துச் சாப்பிடும்.

'அப்பா அலகு' என்று எழுதியது அச்சுப் பிழை இல்லை. அம்மாவும் கொடுக்கும், அப்பாவும் கொடுக்கும்.

உலகத்தில் பறவை ஜாதி பத்தாயிரத்துக்கும் மேலே. அத்தனையிலும் இப்படிப் பால் மாதிரி ஒன்றைத் தன் உடம்பிலிருந்தே சுரந்து குஞ்சுக்குக் கொடுப்பது மூன்றே கூட்டம். முதலாவது, உங்கள் ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் இருக்கிற புறா. இரண்டாவது, பழவேற்காட்டுக்கும் பள்ளிக்கரணைக்கும் வருகிற பூநாரை. இதிலும் அப்பா, அம்மா இருவருக்கும் சுரக்கும். மூன்றாவது, நம் பஸ் ரூட்டிலேயே இல்லாத ஆசாமி. அண்டார்டிகாவின் எம்பரர் பென்குயின். இதில் ஆரம்பப் பால் கொடுக்கிற வேலை முழுக்க அப்பாவுடையது!

தமிழில் அந்தப் பெயரே அவருக்கு விரோதம். நம் வாயில் 'பெண்' என்றும் வருகிறது, 'குயின்' என்றும் வருகிறது. 2020-ல் கீர்த்தி சுரேஷ் நடித்த படத்துக்கு 'பெண்குயின்' என்றே பெயர். தொலைந்த குழந்தையைத் தேடும் தாயின் கதை. நல்லது. ஆனால் அந்தப் பறவையில் அப்பா என்று ஒருத்தர் அறுபத்தைந்து நாள் நின்றுகொண்டே இருக்கிறாரே, அவருக்கு யார் படம் எடுப்பது?

★ ★ ★

அவர் கதையைக் கேளுங்கள்.

மே, ஜூன் மாதம். நமக்குக் கத்திரி வெயில், அங்கே குளிர்காலத்தின் வாசல். எம்பரர் அம்மா ஒரே ஒரு முட்டை இடுகிறாள். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கூடு கிடையாது, கட்டக் குச்சியும் கிடையாது. தரை முழுக்கப் பனிக்கட்டி. முட்டையை அப்பாவின் பாதங்களுக்கு மாற்றியாக வேண்டும். கைமாற்றல் இல்லை, கால்மாற்றல். அந்தச் சில நொடியில் முட்டை உருண்டு பனியில் கிடந்தால் விறைத்துப்போகும். அப்புறம் அந்த வருஷம் குழந்தை இல்லை. புதுசாக அப்பா அம்மா ஆனவர்கள் இந்த இடத்தில் கோட்டைவிடுவது உண்டு.

மாற்றி முடித்ததும் அம்மா கடலுக்குக் கிளம்பிவிடுகிறாள். முட்டை உருவாக்கியதில் அவள் உடம்பு காலி. சுமார் ரெண்டு மாசம் மேய்ந்து தேறி வரவேண்டும்.

அப்பா முட்டையைப் பாதத்தில் வைத்து, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்திக்கொண்டு நிற்கிறார். படுக்க முடியாது. சுமார் 65 நாள். மைனஸ் 40 டிகிரி வரை குளிர், மேலே பனிப்புயல், நாளெல்லாம் இருட்டு. சாப்பாடு? ஜோடி சேர இந்த இடத்துக்கு வந்த நாளிலிருந்தே பட்டினிதான். அம்மா திரும்பி வரும்வரை கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நாலு மாசம் வருகிறது. அவர் எடையில் நாற்பது சதவிகிதத்துக்கு மேல் கரைந்துவிடும். (ஜிம்முக்கு வருஷ சந்தா கட்டியவர்கள் கவனிக்கவும்.)

தனியாக நின்றால் செத்துப்போவார். அதனால் அத்தனை அப்பாக்களும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கூட்டமாக நிற்பார்கள். நடுவில் மாட்டியவருக்கு 37 டிகிரி வரை உஷ்ணம் ஏறுவதை அளந்திருக்கிறார்கள். அதாவது மைனஸ் நாற்பதுக்கு நடுவில் ஒரு மே மாதத்து மந்தைவெளி! ஓரத்தில் நிற்பவர் கதி? அங்கேயும் நம் ஊர் டவுன் பஸ் டெக்னிக்தான். அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரும் சில சென்டிமீட்டர் நகர்கிறார்கள். மொத்தக் கூட்டமும் அலை மாதிரி அசைந்து கொடுக்கிறது. ஓரத்து ஆள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறார். "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று விசில் அடிக்கக் கண்டக்டர் இல்லாமலேயே இது நடக்கிறது.

இந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று மனுஷன் ஒருதடவை பார்த்திருக்கிறான். 1911-ல் ஸ்காட்டின் தென்துருவக் கோஷ்டியிலிருந்து வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் என்று மூன்று பேர், எம்பரர் முட்டை கொண்டுவருவதற்காக நடுக்குளிர்காலத்தில் க்ரோஸியர் முனைக்கு ஸ்லெட்ஜ் வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து வார இருட்டு. மைனஸ் அறுபது வரை குளிர். ஐந்து முட்டை எடுத்தார்கள், வழியில் ரெண்டு உடைந்தது, மூன்று வந்து சேர்ந்தது. அங்கே அவர்கள் பார்த்த ஒரு காட்சிதான் மனசை என்னவோ செய்கிறது. முட்டையை இழந்த சில பென்குயின்கள், முட்டை அளவு பனிக்கட்டியைக் காலில் வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தன.

★ ★ ★

குஞ்சு பொரிகிற நேரத்துக்கு அம்மா வந்துவிட்டால் பிரச்னை இல்லை. மீனோடு வருவாள். சில சமயம் அவள் வர நாளாகும். ட்ராஃபிக் அப்படி. கடல் உறைந்திருப்பதால் பல கிலோமீட்டர் நடந்தே வரவேண்டும்.

அப்போதுதான் அந்தப் பால். நாலு மாசமாக எதுவும் சாப்பிடாத அந்த ஆள், உணவுக்குழாயிலிருந்து தயிர் மாதிரி ஒன்றைச் சுரந்து குஞ்சுக்குக் கொடுக்கிறார். இதை வைத்துச் சில நாள் தள்ளலாம். அதற்கு மேல் முடியாது.

அதற்கு மேலும் அம்மா வராவிட்டால்?

குஞ்சை விட்டுவிட்டு அப்பா கடலுக்குப் போய்விடுவார். உடம்பில் கடைசிக் கையிருப்பைத் தொட்டுவிட்டால், நடந்து கடலை அடையவே தெம்பு இருக்காது. அவரும் செத்து, குஞ்சும் சாவதில் யாருக்கு லாபம்? சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் அப்பாவைச் சாகடித்து, வயலின் வாசித்திருப்பார்கள். நிஜத்தில் இருப்பது ஒரு கணக்கு. இந்தக் குடும்பம் ஒருவர் தியாகத்தில் ஓடுவதில்லை. இருவரும் முறை தவறாமல் வருவதில் ஓடுகிறது. ஒருத்தர் எத்தனை நல்லவராக இருந்தாலும் தனியாக இழுக்க முடியாது.

(ரொம்பவும் உருக வேண்டாம். அடுத்த வருஷம் எம்பரர்களில் பெரும்பாலானவை வேறு ஜோடி தேடிக்கொள்ளும். ஆனால் இந்த வருஷத்துக் குஞ்சு விஷயத்தில் தில்லுமுல்லு கிடையாது.)

அம்மா வந்து, ஆயிரக்கணக்கான கோட்டுசூட்டுக்காரர்களுக்கு நடுவில் தன் ஆளைக் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறாள். குஞ்சு இப்போது அவள் பாதத்துக்கு மாறுகிறது. அப்பா கடலுக்கு. பிறகு அவர் வர, இவள் கிளம்ப... இப்படி ஒன்றரை மாசத்துக்கு மேல். ஒருத்தர் மீன் மார்க்கெட், ஒருத்தர் வீடு.

குஞ்சு வளர வளர அதன் பசி, ஒருவர் சம்பளத்தில் கட்டாது. ரெண்டு பேரும் வேலைக்குப் போயாக வேண்டும். அப்போது குஞ்சுகளை என்ன செய்வது? மொத்தமாக ஒரு கூட்டமாக விட்டுவிடுகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயரே 'க்ரெஷ்'தான். நாம் பழைய தமிழில் மந்தை எனலாம். மாட்டு மந்தை மேய்ந்த வெளி என்பதால் நம் பேட்டைக்கு மந்தைவெளி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அண்டார்டிகாவிலும் ஒரு மந்தைவெளி இருக்கிறது. மேய்வதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான பஞ்சுருண்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அப்பா அம்மாவுக்காகக் காத்திருக்கும்.

கடலிலிருந்து வருகிற பெற்றோர் குரல் கொடுப்பார்கள். தன் குஞ்சு மட்டும் பதில் கொடுத்து ஓடிவரும். அதற்குத்தான் சாப்பாடு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு 'பாவமே' என்று ஒரு வாய் ஊட்டுகிற பழக்கமெல்லாம் அங்கே இல்லை.

அடேலி என்று சின்ன சைஸ் பென்குயின் ஒன்று உண்டு. கூழாங்கல்லில் கூடு கட்டும், கல் போதவில்லை என்றால் பக்கத்து வீட்டில் திருடும். அதன் ஸ்டைல் இன்னும் வேடிக்கை. குஞ்சு பெரிதானதும், மீனோடு வந்த அப்பாவோ அம்மாவோ நின்று ஊட்டாமல் ஓட ஆரம்பித்துவிடும். குஞ்சுகள் பின்னாலேயே துரத்தும். தட்டைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடி முழுக்கக் குழந்தையைத் துரத்துகிற நம் வீட்டு சீன்தான், ஆள் மட்டும் தலைகீழ். பசிக்கிற குஞ்சு விடாமல் துரத்தும். மற்றது பாதியில் நின்றுவிடும். யாருக்கு எவ்வளவு பசி என்று அளக்க இதைவிட நல்ல தராசு உண்டா?

டிசம்பர், ஜனவரியில் எம்பரர் குஞ்சு பஞ்சை உதிர்த்து, தண்ணீர் புகாத இறகு போட்டுக்கொள்ளும். அதற்கு முன்னாலேயே அப்பா அம்மா வருவதை நிறுத்திவிடுவார்கள். நீச்சல் கிளாஸ் கிடையாது. பசித்த குஞ்சு தானே நடந்து, தானே குதிக்கிறது.

இதில் ஒரு சிக்கல். அந்த இறகு முளைக்கும்வரை காலடியில் இருக்கிற கடல் பனி உடையாமல் இருக்க வேண்டும். ஹாலி பே என்ற இடத்தில் எம்பரர்களின் மிகப் பெரிய குடியிருப்புகளில் ஒன்று இருந்தது. 2016-ல் பனி சீக்கிரமே உடைந்தது. அந்த வருஷமும் அடுத்த ரெண்டு வருஷமும் அங்கே குஞ்சுகள் கிட்டத்தட்ட ஒன்றுகூடத் தேறவில்லை. 2022-ல் பெல்லிங்ஷாசன் கடல் பக்கம் ஐந்து குடியிருப்புகளில் நாலில் இதே கதை. செயற்கைக்கோள் படங்களை வைத்து இதைச் சொன்னவர்கள் பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேக்காரர்கள். அப்பாவும் அம்மாவும் முறை தவறவில்லை. தரை தவறிவிட்டது. அதைச் சூடாக்குவதில் நம் ஸ்கூட்டருக்கும் ஏ.சி.க்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

★ ★ ★

பென்குயினை நேரில் பார்க்க அண்டார்டிகா போகவேண்டியதில்லை. ரயில் டிக்கெட் போதும். பம்பாய் பைகுல்லா மிருகக்காட்சி சாலையில், ராணி பாக் என்பார்கள், 2016 ஜூலையில் தென்கொரியாவின் சியோலிலிருந்து எட்டு பென்குயின்கள் வந்து இறங்கின. இவை ஹம்போல்ட் ஜாதி. பெரு, சிலி கடற்கரைக்காரர்கள். பனிக்கட்டி வேண்டாம், பதினாறு பதினெட்டு டிகிரி ஏ.சி. போதும். நம் சாஃப்ட்வேர் கம்பெனி மாதிரி.

2018 ஆகஸ்ட் 15-ம் தேதி அங்கே ஒரு குஞ்சு பொரிந்தது. இந்தியாவில் பிறந்த முதல் பென்குயின். சுதந்திர தினத்தன்று வேறு. பத்திரிகைகள் கொண்டாடின. ஒரு வாரத்தில், 22-ம் தேதி அது இறந்துபோனது. பிறவிக் கோளாறு என்று பரிசோதனையில் சொன்னார்கள். மனுஷ வீடாக இருந்தால் 'ராசி இல்லை' என்று ஆரம்பித்திருப்போம். அந்த ஜோடி அப்படியெல்லாம் நினைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் அதே மிஸ்டர் மோல்ட், ஃப்ளிப்பர் தம்பதிக்கு ஆஸ்கர் பிறந்தான். அதற்கு முன் மே மாதம் டொனால்ட், டெய்ஸிக்கு ஓரியோ.

ஹம்போல்ட் வீட்டிலும் அதே சட்டம். நாற்பது நாள் அடைகாப்பது மாற்றி மாற்றி. சிப்பந்தி வாளி நிறைய மீன் கொண்டுவந்தாலும் பச்சைக் குஞ்சு வாளியிலிருந்து சாப்பிடாது. அப்பாவோ அம்மாவோ விழுங்கி, பதப்படுத்தி, வாயோடு வாய் ஊட்ட வேண்டும். ஏ.சி. உண்டு, டாக்டர் உண்டு, இலவச மீன் உண்டு. அப்பா வேலையை மட்டும் யாரிடமும் அவுட்சோர்ஸ் பண்ண முடியவில்லை.

★ ★ ★

"பறவைக்கு ஏதோ சுரக்கிறது, செய்கிறது. எனக்கென்ன?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

உங்களுக்கும் சுரக்கிறது, ஸார்.

புறாவின் பாலுக்குக் காரணம் புரோலாக்டின் என்கிற ஹார்மோன். 1930-களில் ஆஸ்கர் ரிடில் என்ற அமெரிக்க விஞ்ஞானி கோஷ்டி அதற்குப் பெயர் வைத்ததே புறாவின் தொண்டைப் பையை வைத்துத்தான். எம்பரர் பென்குயினின் அப்பா, அம்மா இருவர் ரத்தத்திலும், குஞ்சைவிட்டுக் கடலில் எத்தனை தூரம் போனாலும், அது குறையாமல் இருக்கிறது. குஞ்சை இழந்தவை சில சமயம் அடுத்தவர் குஞ்சைக் கடத்திக்கொண்டு போவது இதனால்தான் என்கிறார்கள். அந்தப் பனிக்கட்டி முட்டை ஞாபகம் இருக்கிறதா?

மனுஷ ஆம்பளை உடம்பிலும் புரோலாக்டின் உண்டு. 2011-ல் பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் அறுநூற்றுச் சொச்சம் இளைஞர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. அப்பா ஆனவர்களுக்கு 'ஆண்மை ஹார்மோன்' டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. அதிலும் தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் நன்றாக இறங்கியிருந்தது. வியாதி இல்லை, பயப்பட வேண்டாம். சண்டைக்குப் போகிற ஆளை வீட்டில் உட்காரும் ஆளாக உடம்பு டியூன் பண்ணுகிறது. ஆக, மெஷின் ஃபிட் பண்ணியே அனுப்பியிருக்கிறார்கள். ஸ்விட்ச் போடுவதுதான் பாக்கி. குழந்தையைத் தூக்கினால்தான் ஸ்விட்ச் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 திருத்தத்துக்குப் பிறகு அம்மாவுக்கு 26 வாரம் லீவு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் க்ரெஷ் வேண்டும். நாளுக்கு நாலு தடவை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். யார்? அந்தத் தாய். அப்பா என்ற வார்த்தை அந்த வரியில் இல்லை. மத்திய சர்க்கார் ஊழியருக்குத் தந்தையர் லீவு 15 நாள். தனியார் கம்பெனியில் முதலாளி மனசு. எம்பரருக்கு 65 நாள், நமக்கு 15. அதையும் பாதிப்பேர் குழந்தையின் பெயர் சூட்டு விழாவுக்கு மண்டபம் தேடியே தீர்த்துவிடுகிறோம்.

ஆனால் கோளாறு சட்டத்தில் மட்டும் இல்லை. ஒரு வார்த்தையில் இருக்கிறது.

"எங்க மாப்பிள்ளை தங்கம்! குழந்தைக்கு டயபர்கூட மாத்தறார், பொண்ணுக்கு அவ்வளவு ஹெல்ப்பு!" என்று மாமியார் சொல்லும்போது மாப்பிள்ளை தலை குனிந்து வெட்கப்படுகிறார். ஆபீஸ் கேன்டீனில் அவரே சொல்கிறார், "வீட்ல நான் ரொம்ப ஹெல்ப் பண்ணுவேன் பாஸ்."

ஹெல்ப்! பக்கத்து வீட்டுக்காரர் காஸ் சிலிண்டர் தூக்கிக் கொடுத்தால் அது ஹெல்ப். வண்டி பங்க்சரானால் தள்ளிக் கொடுப்பது ஹெல்ப். ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் பத்து மணிக்கு வந்து உட்காருகிற புறா, பெண் புறாவுக்கு ஹெல்ப் பண்ண வரவில்லை. அது அவர் ஷிப்ட். அவர் வராவிட்டால் அவள் சாப்பிடப் போகமுடியாது. அவள் போய்விட்டால் முட்டை ஆறிப்போகும். அதனால் வருகிறார். யாரும் தங்கம் என்று சொல்வதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்து பாருங்கள். மனைவியிடம், "நான் ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?" என்று கேட்காதீர்கள். கேட்டால், எந்தப் பாட்டிலில் எத்தனை ஸ்பூன், எந்த டிராயரில் எந்த ஜட்டி என்று விளக்குவதிலேயே அவருக்குப் பாதி நாள் போய்விடும்.

மணி பத்து அடித்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ கிளம்பு. அஞ்சு மணி வரைக்கும் என் முறை" என்று சொல்லுங்கள்.

முதலில் நம்பமாட்டார். நாலு தடவை போன் பண்ணுவார். பண்ணட்டும். எம்பரர் பென்குயின் அம்மாவுக்கும் முட்டையைக் கைமாற்றிவிட்டுக் கிளம்ப அவ்வளவு சுலபமாக மனசு வருகிறதோ என்னவோ? போன் வசதி இல்லை, அவ்வளவுதான்.